ரத்தக் குழாய் செல்களை வளர்ப்பதும் அவற்றின் வயதைக் கணிப்பதும்: தொடக்க ஆய்வாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒரே அடுக்காகப் படிந்திருப்பவை எண்டோதீலியல் செல்கள். ரத்தம் உறையாமல் ஓடுவதும், குழாய் தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவதும், வெள்ளணுக்கள் சரியான இடத்தில் குழாயை விட்டு வெளியேறுவதும் பெருமளவு இவற்றின் பொறுப்பு. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை நோயால் வரும் குழாய்ப் பாதிப்பு, புற்றுநோய்க் கட்டியை நோக்கிப் புதிய குழாய்கள் முளைப்பது என எதை ஆராய்ந்தாலும் ஒரு கட்டத்தில் இந்தச் செல்களை ஃப்ளாஸ்க்கில் வளர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படி வளர்க்கத் தொடங்கும் மாணவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். முதலில் மூன்று நாட்களில் நிரம்பிய ஃப்ளாஸ்க், சில வாரங்கள் கழித்துப் பத்து நாட்களானாலும் நிரம்புவதில்லை. செல்கள் பெருத்துத் தட்டையாகின்றன. ஒரு நாள் பிரிவதையே நிறுத்திவிடுகின்றன. மீடியம் கெட்டுவிட்டதோ, தொற்று புகுந்துவிட்டதோ, கை சரியில்லையோ என்று மனம் அலைபாய்கிறது. பல நேரங்களில் இவை எதுவும் காரணமாக இருப்பதில்லை. செல்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி வலியுறுத்துவது ஒன்றைத்தான்: செல்லுக்கு உணவு கொடுப்பது எவ்வளவு அவசியமோ, அதன் வயதை எண்ணிக் குறித்து வைப்பதும் அவ்வளவு அவசியம். வயது தெரியாத செல்லில் கிடைத்த முடிவை இன்னொருவர் திரும்பச் செய்து சரிபார்க்க முடியாது.

## அடிப்படை: செல் ஏன் ஒரு கட்டத்தில் பிரிவதை நிறுத்துகிறது?

உடலுக்கு வெளியே வளர்க்கும் செல்கள் சாகாவரம் பெற்றவை என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம்பினார்கள். 1912-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் தொடங்கிய கோழிக்கரு இதயத் திசு வளர்ப்பு 1946 வரை நீடித்தது அந்த நம்பிக்கைக்குக் காரணம். மற்ற ஆய்வகங்களால் அதைத் திரும்பச் செய்ய முடியவில்லை. ஊட்டமாக ஊற்றிய கருச்சாறு வழியாகப் புதிய செல்கள் சேர்ந்துகொண்டே இருந்திருக்கலாம் என்பது பிற்காலத்தில் சொல்லப்பட்ட விளக்கம்.

1961-ல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இயல்பான மனிதச் செல்கள் ஓர் எல்லைக்கு மேல் பிரிவதில்லை என்று காட்டினார்கள். கருவின் நுரையீரலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் சுமார் 50 முறை இரட்டித்தபின் நின்றுவிட்டன. இதையே இன்று ஹேஃப்ளிக் எல்லை என்கிறோம்.

எல்லை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் என்ற காப்புப் பகுதி இருக்கிறது. டிஎன்ஏ பிரதி எடுக்கும் இயந்திரத்தால் முனையைக் கடைசி எழுத்து வரை பிரதி எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பிரிவிலும் டெலோமியர் சிறிது குறைகிறது. மனிதச் செல்களில் இந்த இழப்பு ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ 50 முதல் 200 கார ஜோடிகள். குறைந்துகொண்டே வந்து ஓர் அளவைத் தாண்டினால், செல் அந்த முனையை உடைந்த டிஎன்ஏவாகக் கருதிவிடும். உடனே பி53, பி21 என்ற புரதங்களின் வழியும், பி16, ஆர்பி என்ற புரதங்களின் வழியும் பிரிவுக்குத் தடை போடும். இந்தத் தடை நிரந்தரமானது. செல் உயிரோடு இருக்கும், உண்ணும், சுரக்கும், ஆனால் பிரியாது. இதற்குச் செனெசன்ஸ், அதாவது செல் முதுமை என்று பெயர்.

டெலோமியரை மீண்டும் நீட்டும் டெலோமரேஸ் நொதியை 1980-களில் எலிசபெத் பிளாக்பர்னும் கரோல் கிரைடரும் கண்டறிந்தார்கள். டெலோமியர் ஆராய்ச்சிக்காக அவர்கள் இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் 2009-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. வளர்ப்பில் உள்ள இயல்பான எண்டோதீலியல் செல்களில் இந்த நொதியின் செயல்பாடு மிகக் குறைவு. எனவே ஒவ்வொரு பிரிவும் கணக்கில் கழிகிறது.

செல் முதுமைக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஹைட்ரஜன் பெராக்ஸைடு போன்ற ஆக்சிஜனேற்ற அழுத்தம், அளவுக்கு மீறிய குளுக்கோஸ், கதிர்வீச்சு ஆகியவை டெலோமியர் நீளமாக இருக்கும்போதே செல்லை முதுமைக்குத் தள்ளும். முதல் வகை பிரிந்து பிரிந்து வரும் முதுமை; இரண்டாவது அழுத்தத்தால் முன்கூட்டி வரும் முதுமை. ஃப்ளாஸ்க்கில் இரண்டும் கலந்தே நடக்கும்.

## எந்தச் செல்லில் தொடங்கலாம்?

தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது குழந்தையின் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுக்கும் எண்டோதீலியல் செல். உலகெங்கும் ஹூவெக் என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். 1973-ல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் சக ஆய்வாளர்களும் இந்தச் செல்களைப் பிரித்து வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப்பின் கழிவாகப் போகும் கொடியிலிருந்தே மனிதச் செல்கள் கிடைத்துவிடுகின்றன என்பதால் அந்த முறை வேகமாகப் பரவியது.

பெருந்தமனி, இதயத் தமனி, தோலின் நுண்குழாய் ஆகியவற்றின் செல்களும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. உங்கள் கேள்வி தமனி நோயைப் பற்றியது என்றால் பின்னாளில் அவற்றுக்கு மாறலாம். கைப்பழக்கத்துக்கு ஹூவெக் போதும்.

கொடியை நேரடியாகப் பெறுவதாக இருந்தால் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலும் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கட்டாயம். இந்தியாவில் இதற்கு ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் வழிகாட்டுகின்றன. மனிதத் திசு எதுவானாலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவை இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு, உயிர்ப் பாதுகாப்பு நிலை 2-க்குரிய விதிகளின்படியே கையாளுங்கள்.

## தேவையான பொருட்கள்

- பயோசேஃப்டி கேபினட், 37 டிகிரி செல்சியஸிலும் 5% கார்பன் டைஆக்ஸைடிலும் இயங்கும் இன்குபேட்டர், தலைகீழ் நுண்ணோக்கி, சென்ட்ரிஃபியூஜ்
- டி-25, டி-75 ஃப்ளாஸ்க்குகள். எண்கள் அவற்றின் பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் குறிப்பவை
- தட்டின் அடியில் பூச 0.1 முதல் 0.2% ஜெலட்டின் கரைசல்
- எண்டோதீலியல் செல்லுக்கான மீடியம்
- 0.025% டிரிப்சினும் இடிடிஏவும் கலந்த கரைசல், டிரிப்சினை நிறுத்தும் சீரம் அல்லது தடுப்பான்
- செல் எண்ண ஹீமோசைட்டோமீட்டர், இறந்த செல்லைக் காட்டும் டிரிப்பான் புளூ
- ஒரு பதிவேடு

பட்டியலில் கடைசியாக இருக்கும் பதிவேட்டை முதல் நாளே திறந்துவிடுங்கள். மற்ற எல்லாக் கருவிகளின் பயனும் அதில் எழுதுவதைப் பொறுத்தது.

## படி 1: செல்லைப் பெறுதல்

கொடியிலிருந்து எடுப்பதானால்: கிருமி நீக்கிய பஃபரில் குளிர்ச்சியாக வைத்து, முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குங்கள். வெட்டுமுனையில் மூன்று துளைகள் தெரியும். சுவர் தடித்துச் சிறியதாக இருப்பவை இரண்டு தமனிகள். அகன்று சுவர் மெலிந்திருப்பது சிரை. சிரையில் கேனுலா செருகி, ரத்தம் முழுவதும் வெளியேறும் வரை பஃபரால் கழுவுங்கள். பிறகு 0.1% கொலாஜினேஸ் கரைசலை நிரப்பி இரு முனைகளையும் அடைத்து, 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். மெதுவாகப் பிசைந்து, கரைசலோடு செல்களை வெளியே கழுவி எடுங்கள். சென்ட்ரிஃபியூஜில் படியவைத்து, ஜெலட்டின் பூசிய ஃப்ளாஸ்க்கில் இடுங்கள். மறுநாள் மீடியம் மாற்றும்போது ஒட்டாத சிவப்பணுக்கள் போய்விடும்.

கொலாஜினேஸ் நேரத்தை நீட்டிவிட்டால் சிரைச் சுவரின் உள்ளே இருக்கும் மென்தசைச் செல்களும் சேர்ந்து வந்துவிடும். அதிகச் செல் வேண்டும் என்ற ஆசையில் நேரத்தைக் கூட்டாதீர்கள்.

உறைந்த வயலில் (செல் சேமித்த சிறு குப்பியில்) இருந்து தொடங்குவதானால்: வயலை 37 டிகிரி நீரில் ஒன்று, இரண்டு நிமிடம் ஆட்டி, சிறு பனித்துணுக்கு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுங்கள். செல்லை மெதுவாக மீடியத்தில் கலந்து, சதுர சென்டிமீட்டருக்கு 2,500 முதல் 5,000 என்ற அளவில் இடுங்கள். உருக்கியதும் சென்ட்ரிஃபியூஜ் செய்வது நொந்துபோன செல்லை மேலும் நோகடிக்கும். நேரடியாக இட்டுவிட்டு மறுநாள் மீடியத்தை மாற்றினால், உறையவைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓ நீங்கிவிடும்.

வயலோடு வரும் சான்றிதழை எறியாதீர்கள். அதில் உள்ள பாசேஜ் எண்ணும் (செல்லை எத்தனை முறை புதிய தட்டுக்கு மாற்றினார்கள் என்பது), கொடுத்திருந்தால் இரட்டிப்பு எண்ணிக்கையும், ஒரு கொடையாளியின் செல்லா பலரின் செல் கலந்ததா என்ற தகவலும் பதிவேட்டின் முதல் வரிகள்.

## படி 2: வளர்ப்பது எண்டோதீலியல் செல்தானா என்று உறுதி செய்தல்

நிரம்பிய தட்டில் ஹூவெக் செல்கள் கூழாங்கல் பரப்பியது போன்ற தோற்றம் தரும். பலகோண வடிவம், நடுவில் நீள்வட்ட உட்கரு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத ஒற்றை அடுக்கு. மென்தசைச் செல்கள் நீண்டு, மேடும் பள்ளமுமாக அடுக்கடுக்காக வளரும். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் கதிர் வடிவில் சுழல்சுழலாகப் படியும்.

கண் பார்வை மட்டும் போதாது. சிடி31, விஇ-கேடரின், வான் வில்லிபிராண்ட் காரணி ஆகியவற்றுக்கு ஆன்டிபாடி சாயமிட்டுப் பாருங்கள். வான் வில்லிபிராண்ட் காரணி செல்லுக்குள் வைபல்-பலாடி துகள்களில் கோல் வடிவப் புள்ளிகளாகத் தெரியும். ஆல்ஃபா மென்தசை ஆக்டின் தெரிந்தால் கலப்படம் இருக்கிறது. முதுமை ஆய்வில் இந்தச் சோதனை கூடுதல் முக்கியம். எண்டோதீலியல் செல்கள் சோர்ந்துவரும் வேளையில், முதலில் சில நூறாக இருந்த ஃபைப்ரோபிளாஸ்ட்கள் தட்டையே பிடித்துக்கொள்ளும். அப்போது செல் நன்றாக வளர்கிறது என்று எண்ணிக்கை சொல்லும். வளர்வது வேறு செல்லாக இருக்கும்.

## படி 3: மீடியமும் அன்றாடக் கவனிப்பும்

1970-களில் ஹூவெக் செல்கள் சில பாசேஜ்களிலேயே ஓய்ந்துவிட்டன. அது அவற்றின் உண்மையான எல்லை இல்லை என்பது பின்னர் தெரிந்தது. மாட்டு மூளையிலிருந்து எடுத்த எண்டோதீலியல் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது ஆயுள் நீண்டது. 1983-ல் அதோடு ஹெப்பாரினும் சேர்த்தால் வளர்ச்சி பெரிதும் கூடுகிறது என்று காட்டப்பட்டது. ஹெப்பாரின் அந்தக் காரணியைப் பிடித்து நிலைப்படுத்தி, செல்லின் ஏற்பியோடு சேர உதவுகிறது.

இன்று இரண்டு வழிகள் உள்ளன. மீடியம் 199-ல் 20% மாட்டுக்கன்று சீரம், வளர்ச்சிக் காரணிச் சாறு, ஹெப்பாரின் சேர்த்து நாமே தயாரிப்பது ஒன்று. விஇஜிஎஃப், எஃப்ஜிஎஃப்-2, இஜிஎஃப், ஐஜிஎஃப்-1, ஹைட்ரோகார்ட்டிசோன், அஸ்கார்பிக் அமிலம், ஹெப்பாரின் எல்லாம் அளவாகச் சேர்த்து 2% சீரத்தோடு வரும் தயார் மீடியம் மற்றொன்று. எதை எடுத்தாலும் ஓர் ஆய்வு முடியும்வரை அதையே பின்பற்றுங்கள். சீரத்தின் லாட் எண்ணையும் எழுதுங்கள். மீடியத்தைப் பாதியில் மாற்றினால் வளர்ச்சி வேகத்தில் வரும் மாற்றம் வயதால் வந்ததா உணவால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

இரண்டு நாட்களுக்கு ஒருமுறை மீடியம் மாற்றுங்கள். சாதாரண இன்குபேட்டரில் ஆக்சிஜன் ஏறத்தாழ காற்றில் இருக்கும் அளவு. உடலுக்குள் எந்தக் குழாயும் அவ்வளவு ஆக்சிஜனைப் பார்ப்பதில்லை. ஃப்ளாஸ்க்கில் ரத்த ஓட்டத்தின் உராய்வும் இல்லை. வளர்ப்பு முறையே செல்லுக்கு ஓர் அழுத்தம் என்பதை நினைவில் வைத்தால் முடிவுகளை அளவோடு பேசுவீர்கள்.

## படி 4: பாசேஜ் செய்தல்

நாற்றங்காலில் நாற்று முற்றிப்போவதற்கு முன் பிடுங்கி, வேர் அறாமல், இடைவெளி விட்டு நடவேண்டும் அல்லவா? பாசேஜின் மூன்று விதிகளும் அவையே: நேரம், பக்குவம், இடைவெளி.

1. தட்டு 80 முதல் 90% நிரம்பியதும் பிரியுங்கள். முழுவதும் நிரம்பிப் பல நாட்கள் கிடந்தால் செல்கள் ஓய்வு நிலைக்குப் போய்விடும்.
2. கால்சியமும் மக்னீசியமும் இல்லாத பஃபரால் கழுவுங்கள். மிச்சமிருக்கும் சீரம் டிரிப்சினை முடக்கிவிடும்.
3. டிரிப்சினை ஊற்றி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே இருங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் செல்கள் உருண்டு விடுபடும். ஃப்ளாஸ்க்கின் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் போதும்.
4. விடுபட்ட உடனே சீரம் அல்லது தடுப்பானைச் சேர்த்து நிறுத்துங்கள்.
5. மென்மையாகச் சென்ட்ரிஃபியூஜ் செய்து, புதிய மீடியத்தில் கலந்து, டிரிப்பான் புளூ சேர்த்து எண்ணுங்கள்.
6. எண்ணிய செல்களையே குறிப்பிட்ட அளவில் இடுங்கள்.

பட்டியலின் ஆறாவது செயலைப் பலர் தவிர்க்கிறார்கள். ஒரு ஃப்ளாஸ்க்கை மூன்றாகப் பிரித்தேன் என்று மட்டும் எழுதுகிறார்கள். வயதுக் கணக்கு அங்கேயே தொலைந்துபோகிறது.

## படி 5: செல்லின் வயதைக் கணக்கிடுதல்

பாசேஜ் எண், செல்லை எத்தனை முறை பிடுங்கி நட்டீர்கள் என்பதை மட்டும் சொல்லும். எத்தனை முறை பிரிந்தது என்பதைச் சொல்லாது. ஐந்து பாசேஜ்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு இரண்டாகப் பிரிக்கிறார். அவரது செல்கள் 5 முறை இரட்டித்திருக்கும். ஒன்றுக்கு நான்காகப் பிரிப்பவரிடம் 10 முறை. ஒன்றுக்கு எட்டாகப் பிரிப்பவரிடம் 15 முறை. மூவருமே தங்கள் கட்டுரையில் ஐந்தாம் பாசேஜ் என்றுதான் எழுதுவார்கள்.

சரியான அளவு, மொத்த இரட்டிப்பு எண்ணிக்கை. சூத்திரம் எளிது:

இரட்டிப்பு = 3.32 × லாக்10 (அறுவடை செய்த செல் ÷ இட்ட செல்)

கணக்கைப் பழக ஒரு மாதிரி:

- முதல் சுற்று: 2 லட்சம் இட்டு, 72 மணி நேரத்தில் 12 லட்சம் எடுத்தால் விகிதம் 6. இரட்டிப்பு 2.58. ஒரு முறை இரட்டிக்க ஆன நேரம் சுமார் 28 மணி.
- அடுத்த ஒரு சுற்று: 2 லட்சம் இட்டு, 72 மணி நேரத்தில் 8 லட்சம். விகிதம் 4. இரட்டிப்பு 2. நேரம் 36 மணி.
- பிந்தைய ஒரு சுற்று: 2 லட்சம் இட்டு, ஏழு நாட்களில் 3 லட்சம். விகிதம் 1.5. இரட்டிப்பு 0.58. நேரம் சுமார் 12 நாட்கள்.

ஒவ்வொரு சுற்றின் இரட்டிப்பையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கிடைமட்டத்தில் நாட்களையும் செங்குத்தில் மொத்த இரட்டிப்பையும் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடக்கத்தில் நேராக ஏறும் கோடு மெல்லச் சாய்ந்து, கடைசியில் படுத்துவிடும். அந்தப் படுத்த பகுதிதான் உங்கள் செல்லின் எல்லை. நன்றாக உணவளித்தும், இரண்டு முதல் நான்கு வாரங்களாக எண்ணிக்கை கூடவே இல்லை என்றால் பிரிவு நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இட்ட செல் எல்லாமே ஒட்டுவதில்லை. சில இறந்தும் போகும். எனவே சூத்திரம் தருவது உண்மையான பிரிவுகளின் குறைந்தபட்ச எண்ணிக்கை. மேலும் கொடியிலிருந்து எடுத்த செல்கள் முதல் தட்டை நிரப்புவதற்குள் எத்தனை முறை பிரிந்தன என்பது கணக்கில் வராது. அதனால் எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஹூவெக் செல்களின் எல்லை கொடையாளிக்குக் கொடையாளி மாறும், மீடியத்துக்கு மீடியம் மாறும். பொதுவான ஆய்வுகளுக்கு இரண்டாம் பாசேஜ் முதல் ஆறாம் பாசேஜ் வரை பயன்படுத்துவது வழக்கம். உங்கள் ஆய்வகத்துக்கான எல்லையை உங்கள் வளைகோட்டிலிருந்தே எடுங்கள்.

## படி 6: முதுமையின் அடையாளங்களைச் சோதித்தல்

எந்த ஒரு சோதனையும் தனியாக முதுமையை நிரூபிக்காது. குறைந்தது மூன்று வகைச் சான்றுகள் ஒத்துப்போக வேண்டும்.

தோற்றம். செல் பல மடங்கு பெருத்துத் தட்டையாகும். கூழாங்கல் ஒழுங்கு குலையும். குமிழிகளும் துகள்களும் சேரும். இரண்டு, மூன்று உட்கருக்கள் கொண்ட செல்கள் கூடும். குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்த செல்களும் தோன்றும்.

பீட்டா கேலக்டோசிடேஸ் சாயம். 1995-ல் ஜூடித் கேம்பிஸியின் குழு அறிமுகப்படுத்திய இந்தச் சோதனையே இன்றும் முதல் தேர்வு. முதிய செல்களில் லைசோசோம்கள் பெருகுவதால், பிஹெச் 6.0-லும் இந்த நொதியின் செயலைப் பார்க்க முடிகிறது. செல்லைச் சில நிமிடம் நிலைப்படுத்தி, எக்ஸ்-கேல் கரைசலில் 37 டிகிரியில் ஓர் இரவு வைத்தால் முதிய செல்கள் நீலப்பச்சையாகும். கார்பன் டைஆக்ஸைடு உள்ள இன்குபேட்டரில் வைக்காதீர்கள்; கரைசலின் பிஹெச் இறங்கி, இளம் செல்களும் நீலமாகிவிடும். பல புலங்களில் சில நூறு செல்களை, எந்தத் தட்டு எது என்று அறியாத ஒருவரைக் கொண்டு எண்ணுங்கள்.

பிரிவு நின்றதற்கான சான்று. கேஐ-67 புரதம் இல்லாமை, புதிய டிஎன்ஏ தயாரிப்பைக் காட்டும் பிஆர்டியு அல்லது இடியு குறியீட்டை ஏற்காமை.

தடைப் புரதங்களும் சேதத் தடயங்களும். பி16, பி21 கூடுதல். உட்கருச் சுவரின் லேமின் பி1 குறைதல். டிஎன்ஏ முறிவைக் காட்டும் காமா எச்2ஏஎக்ஸ் புள்ளிகள்.

செயல் மாற்றம். இதுவே நோயோடு நேரடித் தொடர்புடையது. முதிய எண்டோதீலியல் செல் நைட்ரிக் ஆக்ஸைடைக் குறைவாகத் தருகிறது. வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் ஐகேம்-1 கூடுகிறது. ரத்தக் கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 கூடுகிறது. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரந்து அருகிலுள்ள இளம் செல்களையும் பாதிக்கிறது.

## படி 7: முதுமை போலத் தோன்றும் மற்றவற்றை விலக்குதல்

வளர்ச்சி மந்தமானதும் முதுமை என்று முடிவு கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

- மைக்கோபிளாஸ்மா தொற்று: சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, மீடியம் கலங்காது, ஆனால் செல் சோரும். மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்யுங்கள்.
- ஓய்வு நிலை: நெருக்கத்தால் பிரிவை நிறுத்திய இளம் செல்கள், இடம் கொடுத்ததும் மீண்டும் பிரியும். முதியவை பிரியாது. நெடுநாள் நிரம்பிக் கிடந்த தட்டில் பீட்டா கேலக்டோசிடேஸ் சாயமும் பொய்யாக ஏறலாம். அதனால் சாயமிடும்போது இளம் தட்டும் முதிய தட்டும் ஒரே நெருக்கத்தில் இருக்கட்டும்.
- பழைய மீடியம்: வளர்ச்சிக் காரணிகள் வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் இருந்தால் வீரியம் இழக்கும். அதே மீடியத்தில் ஓர் இளம் வயலை வளர்த்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.
- டிரிப்சின் மிகை: பாசேஜுக்கு மறுநாள் மிதக்கும் செல்கள் அதிகமாக இருந்தால் டிரிப்சினில் நேரம் கூடியிருக்கும்.
- மிகக் குறைந்த நடவு: சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு மட்டும் இட்டால் செல்கள் ஒன்றுக்கொன்று துணையின்றித் தேங்கும்.

## படி 8: இளமையைச் சேமித்து வைத்தல்

எல்லை உண்டு என்று தெரிந்தபின் செய்ய வேண்டிய முதல் வேலை, இளம் செல்களை வங்கியில் வைப்பது. முதல் அல்லது இரண்டாம் பாசேஜிலேயே பெரும்பகுதியை 10% டிஎம்எஸ்ஓ சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனில் சேருங்கள். உறைந்த நிலையில் பிரிவு இல்லை. எனவே எண்ணிக்கையும் கூடாது. ஒவ்வொரு வயலிலும் கொடையாளிக் குறியீடு, பாசேஜ் எண், மொத்த இரட்டிப்பு, தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். கொடையாளியின் பெயரோ அடையாளமோ எங்கும் எழுதக் கூடாது.

## எல்லையைத் தாண்ட முடியுமா?

முடியும், ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை உண்டு.

1983-ல் உருவான இஏ.எச்ஒய்926 வரிசை, ஹூவெக் செல்லையும் நுரையீரல் புற்றுநோய்ச் செல்லையும் இணைத்துச் செய்தது. முடிவின்றி வளரும். ஆனால் பாதி புற்றுநோய்ச் செல்லான ஒன்றில் முதுமையை ஆராய முடியாது. எஸ்வி40 வைரஸின் பெரிய டி புரதம் பி53, ஆர்பி இரண்டையும் முடக்கி ஆயுளை நீட்டும். நாம் ஆராய வந்த தடையையே அது அகற்றிவிடுகிறது. 1990-ல் இன்டர்லூகின்-1 ஆல்ஃபா உருவாவதைத் தடுத்து ஹூவெக் ஆயுளை நீட்டினார்கள். செல்லின் சொந்தச் சுரப்பே முதுமைக்குப் பங்களிக்கிறது என்று அது காட்டியது. 1999-ல் டெலோமரேஸ் ஜீனைச் செலுத்தி மனித எண்டோதீலியல் செல்களின் ஆயுளை நீட்டினார்கள். இயல்பான குணங்கள் பெருமளவு தங்குவதால் இன்று பலர் இந்த வழியை விரும்புகிறார்கள். அப்போதும் நெடுங்கால வளர்ப்பில் பி16 வழியும் குரோமோசோம் மாற்றங்களும் கண்காணிக்கப்பட வேண்டும்.

உங்கள் கேள்வி முதுமையைப் பற்றியதென்றால், எல்லையுள்ள இயல்பான செல்லையே பயன்படுத்துங்கள்.

## படி 9: ஆய்வைத் திட்டமிடுதல்

- ஒரே கொடையாளியின் இளம் செல்லையும் முதிய செல்லையும் ஒப்பிடுங்கள்.
- முதிய செல்கள் தயாராகும் நாளுக்குச் சரியாக, வங்கியிலிருந்து இளம் வயலை எடுத்து உருக்குங்கள். இரண்டும் ஒரே நாளில், ஒரே மீடியத்தில், ஒரே கையால் சோதிக்கப்படட்டும்.
- குறைந்தது மூன்று கொடையாளிகளில் திரும்பச் செய்யுங்கள். ஒரே கொடியின் மூன்று தட்டுகள் மூன்று சான்றுகள் ஆகா.
- முதிய செல் பெரியது என்பதால் புரத அளவைச் செல் எண்ணிக்கைக்கும் மொத்தப் புரதத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டுப் பாருங்கள்.
- அழுத்தத்தால் முதுமையை வரவழைப்பதானால், அழுத்தம் கொடுத்த பின் சில நாட்கள் காத்திருந்து சோதியுங்கள். உடனே சோதித்தால் தற்காலிக அதிர்ச்சியை முதுமை என்று எழுதிவிடுவீர்கள்.

## இந்த உழைப்பு எதற்கு?

ஃப்ளாஸ்க்கில் பார்ப்பது மனிதக் குழாயிலும் நடக்கிறதா என்ற கேள்விக்கு நம்பிக்கை தரும் சான்றுகள் உண்டு. 1995-ல் சாங், ஹார்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் மனிதக் குழாய்த் திசுக்களில் டெலோமியர் நீளத்தை அளந்தார்கள். வயது ஏற ஏற அது குறைந்தது. ரத்த ஓட்டத்தின் அழுத்தம் அதிகம் தாக்கும் இடுப்புத் தமனியில் இழப்பும் அதிகமாக இருந்தது. 2002-ல் மினாமினோவின் குழு, இதயத் தமனியின் கொழுப்புப் படிவு உள்ள பகுதிகளில் பீட்டா கேலக்டோசிடேஸ் சாயமேறிய எண்டோதீலியல் செல்களைக் கண்டது. அதே மனிதர்களின் மார்பு உட்தமனியில் அவை இல்லை. பைபாஸ் அறுவையில் மருத்துவர்கள் விரும்பி எடுக்கும் குழாய் அந்த மார்பு உட்தமனியே.

முதிய செல்களை மட்டும் தேர்ந்து அழிக்கும் மருந்துகளைத் தேடும் முயற்சிக்கும் ஹூவெக் தட்டுகள் உதவின. 2015-ல் வெளியான ஒரு முன்னோடி ஆய்வில் குவெர்சிட்டின் முதிய மனித எண்டோதீலியல் செல்கள் மீது கூடுதலாகச் செயல்பட்டது. வெங்காயத்திலும் இருக்கும் பொருள் என்பதால் உணவால் முதுமை நீங்கும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தட்டில் செலுத்திய செறிவு உணவில் கிடைக்கும் அளவோடு ஒப்பிடத்தக்கதல்ல. தட்டின் முடிவை மனிதருக்குக் கொண்டுபோகும் பாதை நீளமானது. அந்தப் பாதையின் முதல் படி நம்பகமாக இருக்க வேண்டும் என்பதே நம் கவலை.

## வேலையைத் தொடங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

- நெறிமுறை அனுமதி கையில் உள்ளதா?
- கொடையாளிக் குறியீடும் எண்ணத் தொடங்கிய இடமும் பதிவேட்டில் உள்ளனவா?
- ஒவ்வொரு பாசேஜிலும் இட்ட எண்ணிக்கை, எடுத்த எண்ணிக்கை, இடைப்பட்ட மணி நேரம் மூன்றும் எழுதப்படுகின்றனவா?
- எண்டோதீலியல் அடையாளச் சோதனை தொடக்கத்திலும் முடிவிலும் திட்டத்தில் உள்ளதா?
- மைக்கோபிளாஸ்மா சோதனையின் தேதி குறிக்கப்பட்டதா?
- ஒப்பிட இளம் வயல்கள் வங்கியில் மிச்சம் உள்ளனவா?

ஆறுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால் முதல் வயலை உருக்கலாம். முடிவை எழுதும்போது பாசேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் மொத்த இரட்டிப்பு எண்ணிக்கையையும் கட்டாயம் சேருங்கள். உங்கள் கட்டுரையைப் படித்து அதே ஆய்வைச் செய்யப்போகும் இன்னொரு மாணவருக்கு மிகவும் உதவப்போவது அந்த ஒற்றை எண்தான்.